எழுக்கு ஆசைப்படும் பிள்ளை

உடன்குடிச் சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "பிள்ளைக்கு பி.எம்.டபிள்யூ காரில் 7-ம் வரிசைதான் வேண்டுமாம். பனை விளையை விற்கலாம் என்கிறான். 3, 5 என்பவை மட்டமா?"

மட்டமில்லை, சகோதரி! 2007-ல் செங்கல்பட்டு அருகே தொடங்கிய ஆலையில்தான் மூன்றும் உருவாகின்றன. எண் ஏற ஏற நீளமும் விலையும் ஏறும். இங்கே விற்கும் 3 சுமார் 4.8 மீட்டர், 5, சுமார் 5.2, 7, சுமார் 5.4. தானே ஓட்டுகிறவருக்கு 3. டிரைவரை வைத்துப் பின்னால் சாய்ந்து வருகிறவருக்கு 7. இரண்டுக்கும் நடுவே 5.

உங்கள் பிள்ளை தானே ஓட்டி, உங்களைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போகிறவர்தானே? அப்படியானால் பின் சொகுசுக்கு எதற்குப் பணம்? கடையை விட்டு இறங்கியதுமே கார் விலை குறையும். பனை அப்படியா? விளையை விற்காதீர்கள்!