‘கூடும்’ என்றொரு சொல்

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் வருங்காலத்தைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 1979-லும் 2019-லும் வெளிவந்த அத்தி வரதர், 2059-ல் மீண்டும் ‘எழுந்தருள்வார்’ என்கிறோம். அது நாற்பதாண்டு வழக்கம், ஊகமன்று. சுவரில் பல்லி ‘சொல்லிற்று’ என்கிறோம். அது சகுனம். வானிலை அறிவிப்பில் மழை ‘பெய்யக்கூடும்’ என்கிறார்கள். அது கணிப்பு.

விடியலில் தெருவில் பட்டுப் பாவு விரிக்கும் என் தந்தைக்கு இம்மூன்றும் ஒன்றே. சென்ற ஐப்பசியில் ஒருநாள் ‘பெய்யக்கூடும்’ என்று கேட்டுப் பாவு விரிக்காமல் இருந்தார். வெயில் காய்ந்தது, ஒருநாள் வேலை கெட்டது. “ரேடியோக்காரன் பொய் சொல்லிட்டான்” என்றார். ஆனால் பல்லி தவறியதை அவர் என்றுமே கணக்கில் வைத்ததில்லை!

‘கூடும்’ என்பது வாக்குறுதி அன்று. பத்து முறை அவ்வாறு சொன்னால் சில முறை தவறத்தான் செய்யும். அது தன் ஐயத்தை மறைக்காத சொல். ஒருநாளைக் கொண்டு அதைப் பழிக்காமல், பருவம் முழுவதும் எத்தனை முறை பலித்தது என்று எண்ணிப் பார்ப்பதே நேர்மை. பல்லியையும் அதே தராசில் நிறுக்க வேண்டாமா?

இவ்வாண்டு தறியருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து இரண்டையும் குறித்து வருகிறேன். நண்பர்களே, நீங்களும் குறித்துப் பாருங்கள்.