பிரெய்ல் நோட்டேக்கர் வாங்கப்போறீங்களா? செல் எண்ணுறதுக்கு முன்னாடி ஃபைலைப் பாருங்க!

ஐபோனையே முழு பிரெய்ல் நோட்டேக்கராக மாற்றும் 'பிரெய்ல் ஆக்சஸ்' வசதியை 2025 மே மாதம் ஆப்பிள் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 26-உடன் அது போன்களுக்கு வந்தும்விட்டது. பிரெய்லில் குறிப்பெடுக்கலாம், நெமத் முறையில் கணக்குப் போடலாம், எதிரில் இருப்பவர் பேசுவதை விரல்நுனியில் படிக்கலாம். என்னைக் கேட்டால், அந்த அறிவிப்பில் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிஆர்எஃப் ஃபைல்களை இனி போனே நேரடியாகத் திறக்கும்.

'அது என்ன ஃபைல்?'னு கேட்கிறீங்களா? அங்கேதான் வர்றேன். அதற்கு முன்னாடி, இந்தக் கருவியைப் பார்த்தே இராதவங்களுக்காக ரெண்டு வரி.

பிரெய்ல் நோட்டேக்கர்னா திரை இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டர் மாதிரி. திரைக்குப் பதிலா ஒரு வரிசையில் 'செல்'கள். ஒவ்வொரு செல்லிலும் குட்டிக் குட்டி ஊசிகள் மேலே எழும்பி, கீழே இறங்கி எழுத்துகளை உருவாக்கும். ஒரு வரியைத் தடவிப் படிச்சு முடிச்சு பட்டனை அழுத்தினா, அதே இடத்தில் அடுத்த வரி வரும். பெரும்பாலான கருவிகளில் இந்த ஊசிகளைத் தூக்குவது பீசோ எலெக்ட்ரிக் பட்டைகள். விலை எகிறுவதும் அதனால்தான். 20 செல், 32 செல், 40 செல் என்று எண்ணிக்கை கூடக் கூட விலையும் ஏறும். முன்னணி வெளிநாட்டு மாடல்கள் நம்ம ஊர் கணக்கில் லட்சங்களில்தான் ஆரம்பிக்கும்.

இவ்வளவு காசு போட்டு வாங்குற ஒருத்தர் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை செல்?" போன் வாங்கும்போது நாம "எத்தனை மெகாபிக்ஸல்?"னு கேட்போமே, அதேதான். கேட்க வேண்டிய கேள்வி வேற. "தினமும் என் கைக்கு வர்ற ஃபைலை இது திறக்குமா?"

பிஆர்எஃப்: மாற்றி முடிச்ச ஃபைல்

பிஆர்எஃப் என்பது ஏற்கெனவே பிரெய்லாக மாற்றப்பட்டு, சுடச்சுடத் தயாரா இருக்கும் ஃபைல். ஆறு புள்ளிகளை வைத்து, காலி இடத்தையும் சேர்த்து, மொத்தம் 64 அமைப்புகள் உருவாக்கலாம். பிஆர்எஃப்-ல் அந்த 64-க்கும் ஆளுக்கு ஒரு கீபோர்டு எழுத்து. அதனால் அதை லேப்டாப்பில் திறந்து பார்த்தா ஆங்கில எழுத்தும் குறிகளுமா என்னமோ கொட்டிக் கிடக்கிற மாதிரி தெரியும். பிரெய்ல் கருவியில் திறந்தால்தான் அது புத்தகம்.

இதில் தமிழுக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் ஏற்கப்பட்டது. அது ஒலியை வைத்து எழுத்துகளைப் பொருத்துகிறது. அதனால் 'அ'வும் ஆங்கில 'ஏ'வும் ஒரே புள்ளி. 'க'வும் 'கே'வும் ஒண்ணு, 'ம'வும் 'எம்'மும் ஒண்ணு. பிஆர்எஃப் ஃபைலுக்குள் 'இது தமிழ், இது இங்கிலீஷ்' என்ற குறிப்பே கிடையாது, வெறும் புள்ளிகள்தான். படிக்கிறவருக்குத் தமிழ் பிரெய்ல் தெரிந்தால் போதும். கருவிக்குத் தமிழ் சுத்தமா தெரியலைன்னாலும் புத்தகம் ஓடும்.

இதனால்தான் விலை குறைந்த கருவிகளுக்கு பிஆர்எஃப் உயிர்நாடி. பல நாட்டு அமைப்புகள் கைகோத்து, விலையைக் குறைக்க வேண்டும் என்றே கொண்டுவந்த ஆர்பிட் ரீடர் 20-ஐ எடுத்துக்கோங்க. எஸ்டி கார்டில் ஃபைலைப் போட்டால் படிக்கும். ஆனால், சாதாரண எழுத்தை அதுவாக பிரெய்லுக்கு மாற்றும் வேலை அதன் அடிப்படை மாடலில் இல்லை. யூனிகோட் தமிழில் டைப் செய்த டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. முதலில் கம்ப்யூட்டரில் பிஆர்எஃப்-ஆக மாற்றணும். 'லிப்லூயிஸ்' என்ற இலவச மாற்று மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கு. என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் பிரெய்ல் காட்டுவதும் இதை வைத்துத்தான். காசு கொடுத்து வாங்குவதென்றால் டக்ஸ்பரி.

சரி, அப்போ எல்லாத்தையும் பிஆர்எஃப்-ஆ மாத்திட்டா முடிஞ்சுதா? இல்லைங்க. அது அச்சடிச்ச பிரெய்ல் தாளை மனசுல வெச்சு உருவான ஃபார்மேட். வழக்கமா வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி. 20 செல் கருவியில் ஒரு வரி ரெண்டு பாதியா அழகா உடையும். வரிகளைத் தானாக ஒட்டித் தராத 32 செல் கருவியில் முதலில் 32, பிறகு மிச்சம் 8. ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு வால் தொங்கினால், நாவல் படிக்கிற மூடே போயிடும். தலைப்பு விட்டுத் தலைப்பு தாவவும் முடியாது. இன்னொன்று, திறக்கும்போது 'மொழிபெயர்ப்பு' ஆன்ல இருந்தா, ஏற்கெனவே மாற்றினதை மறுபடி மாற்றிக் குழப்படி ஆகிடும். புது கருவி 'ரிப்பேர்'னு திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி இந்த செட்டிங்கை ஒரு தடவை பாருங்க.

இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் இ-பிஆர்எஃப் என்ற புது ஃபார்மேட் வந்திருக்கு. இ-பப் மாதிரியே கட்டமைப்பு. தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், தடவிப் பார்க்கிற படங்களையும் உள்ளே வைக்கலாம். 2024-ல் அமெரிக்காவில் மாணவர்கள் கைக்குப் போக ஆரம்பித்த 'மோனார்க்' கருவி இதைப் படிக்கும். 10 வரி, வரிக்கு 32 செல். கிராஃபையே விரலால் தொட்டுப் பார்க்கலாம். அதன் விலை இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் மேலே போவோம்.

பிடிஎஃப் என்னும் தலைவலி

நம்ம ஊர் நிஜம் என்ன? கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் வர்றது பிஆர்எஃப்-ஆ? பிடிஎஃப். அதுவும் ஜெராக்ஸ் தாளைப் போனில் போட்டோ எடுத்து உருவாக்கின பிடிஎஃப். அது படம். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கின நோட்டேக்கருக்கும் அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆப்பில் போட்டு எடுத்தால்தான் உண்டு.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் டைப் செய்த தமிழ். கண்ணுக்குப் பார்க்க அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் அதன்மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கு. பிரெய்ல் கருவிக்கு முகமூடி தெரியாது. உள்ளே இருக்கும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளைத்தான் விரலுக்குத் தரும். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் அதிகாரபூர்வ முறையாக ஏற்றது 2010-ல். அதற்குப் பிறகும் பழைய ஃபான்ட் நோட்ஸ் சுற்றிக்கிட்டேதான் இருக்கு.

சட்டம் குறுக்கே நிற்குதான்னு பார்த்தா, அதுவும் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பார்வை மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்குப் புத்தகங்களை மாற்ற அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' ஆன்லைன் நூலகத்திலும் டெய்சி, இ-பப், பிஆர்எஃப் வடிவங்களில் புத்தகங்கள் கிடைக்கின்றன. உரிமை இருக்கு, நூலகம் இருக்கு. நாளைக்கு செமஸ்டர்னா இன்னைக்கு ராத்திரி குரூப்பில் வர்ற நோட்ஸ்தான் இன்னமும் சிக்கல்.

அப்போ எதை வாங்குறது?

கதை, நாவல், பாடப்புத்தகம் படிக்க மட்டும் என்றால், எஸ்டி கார்டு போடும் எளிய கருவியும் பிஆர்எஃப் ஃபைல்களுமே போதும். ஐஐடி டெல்லி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் உள்ளிட்டோர் சேர்ந்து உருவாக்கி 2019-ல் வெளியிட்ட 'டாட்புக்' போன்ற இந்தியக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பாருங்க. அதில் 20 செல் மாடலில் பிரெய்ல் கீபோர்டு, 40 செல் மாடலில் சாதாரண கீபோர்டு.

வேர்டு ஃபைல், மெயில், ஆப் எல்லாம் ஒரே கருவியில் வேணும்னா ஆண்ட்ராய்டு நோட்டேக்கர்கள் இருக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. 2016-ல் வந்த பிரெய்ல்நோட் டச் ஓடியது ஆண்ட்ராய்டு 4.4-ல். ஊசிகள் பத்து வருஷம் உழைக்கும்; உள்ளே இருக்கிற ஆண்ட்ராய்டு அதுக்கு முன்னாடியே கிழவனாகிடும், ஆப்கள் ஒவ்வொண்ணா கைவிடும். அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஆண்ட்ராய்டு வெர்ஷனைக் கேட்காம பணம் கொடுக்காதீங்க. அதில் எழுதின பழைய குறிப்புகளையும் கவனிங்க. சில கருவிகள் தங்களுக்கே உரிய ஃபார்மேட்டில் சேமிக்கும். பிரெய்ல்நோட்டின் கேடபிள்யூபி அப்படிப்பட்டது. கருவி மண்டையைப் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் டெக்ஸ்டாகவோ பிஆர்எஃப்-ஆகவோ எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கணும்.

மூணாவது வழி, கையில் இருக்கும் போனோடு ஒரு பிரெய்ல் டிஸ்பிளேவை இணைப்பது. ஆப்பிள் இப்போ தள்ளுறது இந்தத் திசையில்தான். 2018-ல் யூஎஸ்பி அமைப்பு பிரெய்ல் டிஸ்பிளேக்களுக்கான பொதுத் தரத்தை அறிவித்தது. அது இருக்கிற மாடலா கேட்டு வாங்கினால், தனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். மாணவர்களுக்கு இதில் இருக்கிற ஓட்டை, தேர்வு அறை. அங்கே போன் அனுமதி கிடையாது. மூளையே போனில் இருந்தால் டிஸ்பிளே வெறும் பலகை. வைஃபை இருக்கும் நோட்டேக்கரையும் கண்காணிப்பாளர் சந்தேகமாத்தான் பார்ப்பார். தேர்வுக்குப் பயன்படுத்தப் போறீங்கன்னா, வாங்குறதுக்கு முன்பே கல்லூரியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிடுங்க.

கடைக்காரர் டெமோ காட்டும்போது அவர் வெச்சிருக்கிற ஆங்கில ஃபைலில் மயங்காதீங்க. உங்க பென் டிரைவில் ஆறு ஃபைல் கொண்டுபோங்க: யூனிகோட் தமிழ் டெக்ஸ்ட், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு வேர்டு, ஒரு இ-பப், ஒரு தமிழ் பிஆர்எஃப், எழுத்துள்ள ஒரு பிடிஎஃப், குரூப்பில் வந்த அந்தக் கன்றாவி பிடிஎஃப். கலப்பு ஃபைலை முதலில் திறக்கச் சொல்லுங்க. 'அ'வும் 'ஏ'வும் ஒரே புள்ளி என்பதால், தமிழ் முடிஞ்சு ஆங்கிலம் ஆரம்பிக்கிற இடத்தில் கருவி தடுமாறுதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

பார்வையுள்ள நண்பர்களே, குரூப்பில் நோட்ஸ் போடுறவங்க நீங்கன்னா, பிடிஎஃப்-ஆக்குறதுக்கு முன்னாடி இருந்த அந்த வேர்டு ஃபைலையும் சேர்த்து அனுப்பிடுங்க. யூனிகோட்லதான் டைப் பண்ணியிருக்கான்னு பார்க்க, ஒரு வரியைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் பேஸ்ட் பண்ணுங்க. தமிழாவே விழுந்தா அனுப்பலாம்.