படம் பார்த்து உலகம் விழிக்காது

காசாவிலிருந்து ஒரு படம் கைப்பேசியில் வந்து விழுந்ததும் தாராபுரத்தில் எழும் முதல் பேச்சு இதுதான்: "இதப் பாத்துமா சண்டைய நிறுத்தாம இருப்பாங்க?" பேருந்து நிலையத்து டீக்கடையில் கேட்கிறேன், பனியன் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்பவர்களிடமும் கேட்கிறேன். கேட்பவர்கள் மனசில் கள்ளமில்லை. முகம் தெரியாத ஊர்க் குழந்தைக்காகக் கண் கலங்குகிறவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வியின் அடியில் கிடக்கும் நம்பிக்கையை நான் கண்டிக்கிறேன். அக்கிரமம் நடப்பது உலகத்துக்குத் தெரியவில்லை, தெரிந்தால் நிறுத்திவிடும், தெரியப்படுத்த மனதை உலுக்கும் ஒரு படம் போதும் என்ற நம்பிக்கை அது. படித்தவர், படிக்காதவர், பத்திரிகைக்காரர், மேடைப் பேச்சாளர் என்று எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அது பொய். அதைவிட மோசம், கொல்கிறவர்களுக்கு அது மிகவும் வசதி.

சாட்சிக்கு எல்லோரும் கூப்பிடுவது வியட்நாம் சிறுமியின் படத்தைத்தான். 1972 ஜூன் 8 அன்று நேபாம் நெருப்பில் வெந்து, ஆடையில்லாமல் சாலையில் அலறி ஓடிவந்த ஒன்பது வயதுக் குழந்தை. அந்தப் படம்தான் போரை நிறுத்தியது என்று எத்தனையோ மேடைகளில் கேட்டாயிற்று. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். படம் வெளிவருவதற்கு முன்பே அமெரிக்கத் தரைப்படையின் பெரும்பகுதி வியட்நாமிலிருந்து கிளம்பியிருந்தது. படம் வந்து ஆறு மாதம் கழித்து, அதே ஆண்டு டிசம்பரில், பி-52 விமானங்கள் ஹனோய் நகரத்தின் மேல் அந்தப் போரின் மிகக் கடுமையான குண்டுவீச்சுகளில் ஒன்றை நடத்தின. பாரிஸ் உடன்பாடு 1973 ஜனவரியில் வந்தது. சண்டை ஓய்ந்தது 1975 ஏப்ரலில். படம் உலகத்தை அழவைத்தது உண்மை. போர் தன் கணக்குப்படிதான் முடிந்தது.

வியட்நாம் தூரத்து ஊர். நமக்கே நடந்ததை எடுத்துக்கொள்வோம்.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு பொரளையில் ஒரு தமிழரை நிர்வாணமாக்கி உட்காரவைத்து, சுற்றி நின்று இளைஞர்கள் சிரித்துக் கூத்தாடும் படம் நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களப் பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்தக் கும்பலுக்கு நடுவே கேமராவைத் தூக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! உலகம் முழுக்க அந்தப் படம் போனது. படத்தில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அதன் பிறகுதான் கால் நூற்றாண்டுப் போர் நடந்தது.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளர் எவரையும் போர்முனைக்குள் விடவில்லை. அப்படியும் படங்கள் வந்தன. தற்காலிக ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவர்கள் அனுப்பினார்கள்; பதுங்குகுழியிலிருந்தும் படம் வந்தது; செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிகிறவரை உலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-ல் சொன்னது. தன் அமைப்பு தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் உள் ஆய்வு 2012-ல் ஒப்புக்கொண்டது. தெரியாமல் நடந்த தவறென்று அதில் எங்கும் எழுதவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கே வந்து கேட்கலாம்: 2013-ல் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகனின் படங்கள் வந்த பிறகு தமிழ்நாடே கொதித்ததே? மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்களே, மார்ச் 19 அன்று தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியதே, அடுத்த இரண்டு நாளில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றி 25-க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியதே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படங்களின் பலம் எதில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றில் சிறுவன் மணல்மூட்டைக் காவலரணுக்குள் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான். இன்னொன்றில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுத்தவை என்று ஆய்ந்து காட்டினார்கள். தடயவியல் மருத்துவர் காயங்களைப் படித்துச் சொன்னார். சண்டைக்கு நடுவே சிக்கி இறந்தான் என்ற வாதம் அந்த இடத்திலேயே செத்தது. இரண்டாவது படம் மட்டும் வந்திருந்தால் நாம் அழுதிருப்போம், அதோடு சரி. அழுகையைத் தீர்மானமாக மாற்றியது சான்று. அதற்கே நான்கு ஆண்டு ஆயிற்று. தண்டனை பெற்றவர் இன்றுவரை யாருமில்லை.

நான் சொல்லவருவதை என்னைவிட நன்றாகச் சொல்வது திருகோணமலையில் நடந்தது. தமிழ்நாட்டில் அதைப் பேசுவார் குறைவு. 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரை காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கையெறி குண்டு வெடித்து இறந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போய் உடல்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. பத்திரிகையில் வெளிவந்ததும் கையெறி குண்டுக் கதை நொறுங்கியது. ஜனவரி 24 காலையில் வேலைக்குக் கிளம்பிய சுகிர்தராஜன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். யார் சுட்டார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு படம் செய்யக்கூடிய அத்தனையையும் சுகிர்தராஜனின் படங்கள் செய்துவிட்டன. அதற்குமேல் வழக்குத்தான் நடக்க வேண்டும். மாணவர் கொலையில் 2013-ல்தான் 13 பேரைக் கைது செய்தார்கள். அதற்குள் முக்கியச் சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போயிருந்தார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். படம் தோற்றது என்று இதைச் சொல்லக் கூடாது. படத்தைக் கையில் வாங்கி அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் கொண்டுபோகவில்லை. படமே எல்லாம் செய்துவிடும் என்று நம்புகிற சமூகம் அந்த அடுத்த படியைக் கேட்பதே இல்லை.

இப்போது காசா. 2024-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பின் ஆண்டுச் சிறந்த படமாகத் தேர்வானது, கான் யூனிஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் துணி சுற்றிய தன் சகோதரன் மகளின் சடலத்தை அணைத்து உட்கார்ந்திருக்கும் படம். எடுத்தவர் ராய்ட்டர்ஸின் முகம்மது சலேம். அடுத்த ஆண்டும் விருது காசாவுக்கே: இரண்டு கைகளையும் இழந்த ஒன்பது வயதுச் சிறுவனை சமர் அபூ எலூஃப் எடுத்த படம். முதல் விருது அறிவித்த நாளில் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இறந்தவர் ஏறக்குறைய 34,000. 2025 அக்டோபரில் 67,000-ஐத் தாண்டிவிட்டது. விருது கொடுத்த உலகத்தைப் பார்த்து "உனக்குத் தெரியவில்லையா" என்று கேட்பதில் என்ன பொருள்?

வன்னியில் பார்த்த கதைதான் அங்கேயும். வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சுதந்திரமாக உள்ளே விட இஸ்ரேல் மறுத்தது. எடுத்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். பசியோடும் குடும்பத்தோடும் கூடாரத்தில் இருந்தபடி எடுத்தவர்கள். அவர்களில் ஒருவரான ஃபாத்திமா ஹசூனா 2025 ஏப்ரல் 16 அன்று தன் வீட்டிலேயே குண்டுக்குப் பலியானார். அவரைப் பற்றிய ஆவணப்படம் கான் திரைப்பட விழாவையொட்டித் திரையிடத் தேர்வானது அதற்கு முந்தைய நாள். ஆகஸ்ட் 25 அன்று நாசர் ஆஸ்பத்திரி மீது நடந்த தாக்குதலில் மரியம் தக்கா உட்பட ஐந்து செய்தியாளர்கள் இறந்தார்கள். 2023 அக்டோபர் 7 முதல் காசாவில் கொல்லப்பட்ட செய்தித்துறையினர் 200-க்கும் மேல். அந்த அக்டோபர் 7 காலையில், எல்லை தாண்டிப் பறந்துவந்த ஹமாஸ் ஆட்களைப் படமெடுத்த இஸ்ரேலியப் புகைப்படக்காரர் ரோயி இடான், தன் மனைவியோடு கஃபர் அசாவில் கொல்லப்பட்டார். அவர் படத்தையும் இதே மதிப்போடு பார்க்க நம்மால் முடிய வேண்டும். சவம் எந்தப் பக்கத்தினுடையது என்று பார்த்துவிட்டுக் கண்ணீர் விடுகிறவனுக்குப் படமே தேவையில்லை, கொடி போதும்.

இத்தனை பேர் உயிரைக் கொடுத்து எடுத்ததை நாம் என்ன செய்தோம்? 2024 மே 26 அன்று ரஃபாவில் அகதிக் கூடாரங்கள் எரிந்தன, 45 பேர் இறந்தார்கள். அந்த நெருப்பின் நிஜப் படங்கள் இருந்தன. ஆனால் அந்த வாரம் இன்ஸ்டாகிராமில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பகிர்ந்தது, செயற்கை நுண்ணறிவு வரைந்த வரிசைக் கூடாரப் படம். அதில் சவம் இல்லை, புகை இல்லை, எடுத்தவர் இல்லை, தேதி இல்லை. தாராபுரத்திலும் எத்தனையோ ஸ்டேட்டஸில் அது நின்றது. சிரியாவின் பழைய படங்களும் காசா என்ற பெயரில் சுற்றின. பொய்ப் படம் ஒன்று பிடிபட்டால் போதும், நிஜப் படம் நூறையும் பொய் என்று தள்ள எதிராளிக்கு வழி கிடைத்துவிடுகிறது. சாயப்பட்டறைக்குப் போய்வந்த துணியில் லாட் நம்பர் கிழிந்துபோனால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கறை கண்ணுக்குத் தெரியும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. எடுத்தவர் பெயரும் இடமும் நாளும் அறுபட்ட படமும் அப்படித்தான்.

இந்த நம்பிக்கை கொல்கிறவர்களுக்கு வசதி என்றேனே, அது இதனால்தான். படம் வந்ததும் உலகம் விழிக்கும் என்று காத்திருப்பவன், விழிக்கவில்லை என்றதும் சோர்ந்துபோகிறான். "எதைக் காட்டியும் பிரயோசனமில்லை" என்று கைப்பேசியை மூடிவைக்கிறான். குண்டு போடுகிறவர்கள் அதுவரை பொறுமையாக இருந்தால் போதும்.

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும். இப்போது இருப்பதைவிட அதிகமாக வேண்டும், வேறு விதமாக வேண்டும். நம் தொழிலிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள். இடிபாட்டுக்குள் கட்டித் தழுவியபடி இறந்துகிடந்த இருவரை தஸ்லிமா அக்தர் எடுத்த படத்தை உலகம் மறக்காது. ஆனால் ஐரோப்பிய கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தது வேறு படங்கள். தொழிலாளர் அமைப்பினர் இடிபாட்டைக் கிளறி, சட்டைகளில் இருந்த லேபிள்களைத் தேடிப் படமெடுத்தார்கள். அங்கே தைக்கவில்லை என்று முதலில் மறுத்த பெனட்டன், தன் லேபிள் போட்ட சட்டைகளின் படம் வெளிவந்ததும் ஒப்புக்கொண்டது. ஒப்பந்த வாசகத்தைத் தொழிற்சங்கங்கள் விபத்துக்கு முன்பிருந்தே கையில் வைத்திருந்தன. அதனால்தான் ஒரு மாதத்துக்குள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படிக் கட்டுப்பட்டன. லேபிள் படத்தில் அழ ஒன்றுமில்லை. யார் பொறுப்பு என்பது அதில் இருந்தது.

2024 ஜனவரியில் தி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கத் தரப்பு வழக்கறிஞர் காட்டிய படங்களும் அப்படிப்பட்டவைதான். காசா ஆஸ்பத்திரி ஒன்றின் வெள்ளைப் பலகையில் ஒரு மருத்துவர் எழுதிவைத்த செய்தி முதல் படத்தில். அவர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பின், சிதைந்த அதே பலகை அடுத்த படத்தில். ஜனவரி 26 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. குண்டு அன்றே நிற்கவில்லை என்பது தெரியும். ஆனால் அந்த வழக்கு உயிரோடு இருக்கிறது, அந்தப் படங்கள் அதன் ஆவணத்தில் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் கூடாரப் படம் எங்கே இருக்கிறது?

தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஒன்று கேட்கிறேன். "நன்றி: இணையம்" என்று போடுவதை நிறுத்துங்கள். எடுத்தவர் பெயர், இடம், நாள் மூன்றும் தெரியாத போர்ப்படத்தை அச்சிடாதீர்கள். இறந்துபோன புகைப்படக்காரர் என்றால் அதையும் படத்தின் கீழே எழுதுங்கள்.

வாசகர்களில் ஈழத்திலிருந்து வந்தவர்களும் வெளிநாடுகளில் இருப்பவர்களும் உண்டு. பழைய கைப்பேசியிலோ மெமரி கார்டிலோ பெட்டியில் அச்சுப் படமாகவோ உங்களிடம் ஏதாவது இருக்கலாம். அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு மூலத்தைத் தொலைக்காதீர்கள். எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்று நினைவிருப்பதைத் தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. நம்பகமான ஒரு மனித உரிமை வழக்கறிஞரைக் கேட்டுப் பாதுகாப்பான வழியில் அங்கே சேருங்கள்.