இறாத்தலும் கிலோவும்

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்று கொழுந்து கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றது. இலங்கை மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது 1970களில். ஆயினும் முதியோர் தம் இளமைக்காலக் கொழுந்தை இறாத்தலிலேயே சொல்கின்றனர். நாமும் கடையில் 'ஓர் இறாத்தல் பாண்' என்றே கேட்கின்றோம். ஆதலால், இவ்விரு அளவைகளுக்குமுள்ள தொடர்பை அறிந்திருத்தல் நன்று.

1959இல் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் கூடி, ஓர் இறாத்தல் 0.45359237 கிலோ என வரையறுத்தன. அஃதாவது ஏறத்தாழ 453.6 கிராம். ஒரு கிலோ 2.2046 இறாத்தலாகும். 112 இறாத்தல் கொண்ட அந்தர் 50.8 கிலோ. ஐம்பது கிலோ மூடையை 'அந்தர்' என்போர் 800 கிராமை மறந்துவிடுகின்றனர்.

மாணவர்கள் மனக்கணக்காகச் செய்ய எளிய வழி உண்டு. கிலோவை இறாத்தலாக்க, இரட்டித்து, வந்த தொகையில் பத்திலொன்றைக் கூட்டுக. 18 கிலோ: 36உம் 3.6உம் சேர்ந்து 39.6 இறாத்தல்; சரியான விடை 39.68. இறாத்தலைக் கிலோவாக்க, பாதியாக்கி, அதில் பத்திலொன்றைக் கழிக்க. 40 இறாத்தல்: 20இல் 2 போக 18 கிலோ, சரியான விடை 18.14.

பத்திலொன்றைக் கழியாது விட்டால் என்ன நேரும்? நாளொன்றுக்கு 40 இறாத்தல் பறிக்கவேண்டிய பெண்ணுக்கு, 'பாதியாக்கினால் 20 கிலோ' என ஒருவர் விதித்தார் எனக் கொள்வோம். 20 கிலோ என்பது 44.09 இறாத்தல். நாள்தோறும் நான்கு இறாத்தலுக்கு மேல் கூடுகின்றது. இருபத்தைந்து நாளில் அது 102 இறாத்தலாகும். ஓர் அந்தருக்குப் பத்தே இறாத்தல் குறைவு! குறித்த நிறை எட்டாதவர்க்கு அரைப்பேர் போடும் தோட்டங்களில் இவ்வேறுபாடு அடுப்பங்கரை வரை எட்டும்.

கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கும் நிறையும் இத்தகையதே. நாளில் மூன்று முறை நிறுத்து, முறைக்கு 2 கிலோ கழித்தால், மொத்தம் 6 கிலோ. '6' என்னும் எண் சிறிதாகத் தோன்றும். அதுவே 13 இறாத்தலுக்கும் மேல் என்றால் பாட்டியார் திடுக்கிடுவார்.

அளவை மாறினும் மாறாதது விகிதம். ஏறத்தாழ 4½ முதல் 5 கிலோ வரையான பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகின்றது. இறாத்தலில் கணக்கிட்டாலும் அதே எண்களே. 1890இல் தம்பேதன்னையில் தோட்டம் வாங்கிய லிப்டன் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பொதிகளாகத் தேயிலை விற்றார். இன்றைய பொதிகளில் கிராம் அச்சிடப்படுகின்றது. அளவை எதுவாயினும் செடியின் கணக்கு ஒன்றே.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று மாலை ஒரு பயிற்சி செய்யலாம். தாயார் மடுவத்தில் நிறுத்த கிலோ எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பதிந்தது எவ்வளவு எனக் கேட்டு எழுதுக. மூன்றையும் இறாத்தலாக்கிப் பாட்டியாருக்குப் படித்துக் காட்டுக. மாத முடிவில் அக்குறிப்பைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, பள்ளியில் கற்ற பெருக்கலும் கழித்தலும் போதும்.