நேர்கோடும் ஒரு நாள் கூலியும்

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் எவ்வளவு தூரம்னு கூகுளாண்டவரைக் கேட்டா, வான்வழியில சுமார் 1,380 கிலோமீட்டர்னு பட்டுனு சொல்லிடுவார். ரயில்ல போனா 1,660 பக்கம் வரும். தரையில ஆறு, மலை, ஊர்னு வளைஞ்சு போகணும், வானத்துல அந்தத் தொல்லை இல்லையே, நேரா போயிடலாம்னுதான் நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்.

நேரா எல்லாம் போறதில்லைங்க. அந்த 1,380 பூமி உருண்டை மேல இழுத்த ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். நிஜ விமானம் குறிச்ச வழித்தடத்துல போகும், மேகம் கட்டினா ஒதுங்கும். அது போக, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா படுத்துக் கிடக்கு. 1971-லேர்ந்து அங்க ராக்கெட் விடுறாங்க. ஏவுற நேரத்துக்கு வான்வெளியில சில பகுதிகளை மூடிடுவாங்க, விமானங்கள் சுத்திக்கிட்டுப் போகும். ராக்கெட்டுக்கும் இதே கதைதான். துருவப் பாதைக்குப் போற பி.எஸ்.எல்.வி. நேரா தெற்கே போனா கீழே இலங்கை. அதனால முதல்ல தென்கிழக்கா போய் அப்புறம் திரும்பும்.

இந்த வளைவுக்கெல்லாம் கணக்கு இருக்கு. விமானம் சுத்தினா எரிபொருள் கணக்கு. ராக்கெட் வளைஞ்சா தூக்கற எடை குறையும். சின்ன ராக்கெட்டுக்காவது அந்த நஷ்டம் வேணாம்னுதான் குலசேகரப்பட்டினத்துல புது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நட்டாங்க.

அதே ஏவுதலுக்காக கடலையும் மூடறாங்க. பழவேற்காட்டுக் குப்பங்கள்ல அன்னிக்கு கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு வரும். ஏற்கெனவே முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து படகு வெளியே போறதே பெரும்பாடு. அதுல இதுவும். படகு கரையில நின்னா அன்னிக்குக் கூலி இல்ல. இந்த நஷ்டத்தை எந்தக் கணக்குல எழுதறது?

நான் ராக்கெட்டுக்கு எதிரி இல்ல சாமி. 2023 ஜூலை 14-ல சந்திரயான்-3 கிளம்பினப்போ கைதட்டினவன்தான். பாதுகாப்புக்காகத் தடுக்கறதும் சரிதான், மேலேர்ந்து என்ன விழும்னு யார் கண்டா? ஆனா ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம்னு ஒண்ணு இருக்கு. அதை 8,000 ரூபாயா ஆக்குறதா 2023-ல அறிவிச்சாங்க. மீன் குஞ்சு பொரிக்கறதுக்காகக் கரையில நிக்கறவனுக்குப் பணம் உண்டுன்னா, நாடு விண்வெளிக்குப் போறதுக்காக நிக்கறவனுக்கும் நாள் கணக்குல இருக்கணும். ஒரு ராக்கெட் செலவுல இது மோருக்குப் போடற உப்பு மாதிரி.

ஒண்ணு, எண்ணும்போது தள்ளிப்போற நாளையும் சேர்த்து எண்ணணும். 2024 டிசம்பர் 4-ஆம் தேதி கிளம்ப வேண்டிய பி.எஸ்.எல்.வி. சி-59 கடைசி நேரத்துல நின்னு, 5-ஆம் தேதிதான் போச்சு. ராக்கெட் ஒண்ணுதான், நாள் ரெண்டுன்னு எழுதிக்கணும்.