முதற்குடி எவர்?

வரலாறு என்பது நடந்ததை நடந்தவாறே உரைப்பது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும், அதனை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்பவரே வரலாற்றின் பாதியை எழுதி முடித்துவிடுகிறார். இவ்வுண்மையை அறிய, அமெரிக்க நடுமேற்கின் ஊர்ப்புற மாவட்டங்களைப் பற்றிய பழைய வரலாற்று நூல்களைப் புரட்டினாலே போதும். முதற்குடி வந்தது, மரக்குடில் எழுந்தது, கன்னிநிலம் உழப்பட்டது, பள்ளியும் தேவாலயமும் தோன்றின. இதுவே அவற்றின் வழக்கமான தொடக்கம். அதற்கு முன் அங்கே எவரும் இலரோ? இருந்தோர்க்கு ஒரு முன்னுரை உண்டு. அதன்பின் அவர்கள் ஏட்டினின்றும் மறைந்துவிடுகின்றனர். இத்தொடக்கம் பொய் என்பதும், அப்பொய்யைப் பாடமாக ஏற்பது கற்பிப்போர்க்கு அழகன்று என்பதுமே என் வாதம்.

சான்றாக அயோவா மாநிலத்து டேமா மாவட்டத்தைக் கொள்வோம். அதன் பெயரே டைமா என்னும் மெஸ்குவாக்கி இனத் தலைவரின் பெயர். 1824இல் வாஷிங்டன் சென்று ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் அவர். அம்மாவட்டத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது 1843இல். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1842 ஒப்பந்தத்தின்படி, மெஸ்குவாக்கியரும் அவர்தம் உறவினத்தாராகிய சாக் மக்களும் அயோவாவில் எஞ்சியிருந்த நிலத்தையெல்லாம் விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். தலைவரின் பெயரை மண்ணுக்குச் சூட்டிவிட்டு, அவர்தம் மக்களை அம்மண்ணினின்று அகற்றுவது எத்தகைய நாகரிகம்?

“விலை கொடுத்துத்தானே வாங்கினர்?” என்பார் உளர். அவ்விலையின் இயல்பைக் காண்போம். 1832இல் பிளாக் ஹாக் என்னும் சாக் தலைவர் நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. மெஸ்குவாக்கியருள் பெரும்பாலோர் அப்போரில் கலந்துகொள்ளவில்லை. எனினும், ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் நிலத்தை இரண்டு இனத்தாரும் இழந்தனர். 1842இல் பேசப்பட்ட விலை 800,000 டாலர். அம்முதலும் அவர்கள் கையில் தரப்படவில்லை. ஆண்டுதோறும் 5 விழுக்காட்டு வட்டியே தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுக்கும் உரிமை இல்லாதவன் செய்வது விற்பனையாகுமா?

“அவர்கள் உழவறியாதவர்கள், நிலம் வீணே கிடந்தது” என்பது மற்றொரு வாதம். மக்காச்சோளமும் அவரையினமும் பூசணியும் மெஸ்குவாக்கிப் பெண்கள் வழிவழியாகப் பயிரிட்டவை. இன்று அயோவாவுக்குப் பெரும்புகழ் தேடித் தரும் பயிர் எது? அம்மக்காச்சோளமே! பயிரைத் தந்தவர்களை உழவறியாதவர் என்று பழிப்பது நன்றிகேட்டின் உச்சமன்றோ?

இனி, இவ்வரலாற்றின் இணையற்ற பகுதியைக் கேளுங்கள். மெஸ்குவாக்கியர் சிலர் அயோவாவை விட்டு நீங்கவே இல்லை. கான்சாசுக்குச் சென்றோருள் பலரும் திரும்பி வந்தனர். 1856இல் அயோவாச் சட்டமன்றம் அவர்கள் அங்கே தங்க இசைவளித்தது. 1857இல் அவர்கள் டேமா மாவட்டத்தில், அயோவா ஆற்றங்கரையில், 80 ஏக்கர் நிலத்தை 1,000 டாலர் கொடுத்து வாங்கினர். தம் முன்னோர் மண்ணைத் தாமே விலைக்கு வாங்கினர்! நடுவணரசோ அவர்களைக் கான்சாசுக்கே துரத்தக் கருதி, ஒப்பந்தப்படி அவர்க்குரிய ஆண்டுத்தொகையை நிறுத்தி வைத்தது. பத்தாண்டுகள் அவர்கள் பணியவில்லை. 1867இல் அரசே பணிந்தது. அன்று வாங்கிய 80 ஏக்கர் இன்று 8,000 ஏக்கருக்கு மேல் வளர்ந்துள்ளது. முன்னுரையோடு முடிந்துபோனதாக எழுதப்பட்ட மக்கள், இன்றும் அம்மாவட்டத்தில் வாழ்கின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் அவ்வினத்து இளைஞர் எண்மர், தம் தாய்மொழியையே மறைமொழியாக்கி அமெரிக்கப் படைக்குச் செய்தி அனுப்பப் பயிற்சி பெற்றனர். வட ஆப்பிரிக்கப் போர்க்களத்திலும் பணியாற்றினர். அதே மாவட்டத்தில், 1898இல் தொடங்கப்பட்ட விடுதிப்பள்ளியோ, அவ்வினத்துச் சிறுவரை ஆங்கில வாழ்வுக்கு மாற்றவே முயன்றது. பள்ளி ஒதுக்கிய மொழி, படைக்குப் பயன்பட்டது. 2013இல் அவர்தம் தொண்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மொழியாசிரியர் எவரும் மறக்கலாகாத செய்தி இது.

குடியேறிய உழவர்களை நான் பழிக்கவில்லை. வறுமையால் கடல் கடந்தோர் அவர்களுள் பலர். ஆழ வேரோடிய புல்வெளியை எஃகுக் கலப்பையால் பிளந்து பண்படுத்திய அவர்தம் உழைப்பு பெரிது. ஆனால், அவ்வுழைப்பின் பெருமைக்குப் பொய் எதற்கு? வெற்று நிலம் என்று கூறினால்தான் வியர்வை மதிப்புப் பெறுமோ? முன்னிருந்தோரை ஒப்புக்கொள்வதால் பின்வந்தோர் சிறுமையடையார், மறைப்பதால்தான் சிறுமையடைவர்.

ஆசிரியப் பெருமக்களே! மாணவச் செல்வங்களே! எந்த ஊரின் வரலாற்றைப் படித்தாலும், நாளை நீங்களே ஓர் ஊரின் வரலாற்றை எழுதினாலும், முதல் வினாவாக இதனைக் கேளுங்கள்: முதற்குடி எனப்படுபவர் வந்த நாளில், அவரை எதிர்நின்று நோக்கிய கண்கள் யாருடையவை? அவ்வினாவுக்கு விடை தராத நூல் வரலாறு ஆகாது; அது நிலப்பத்திரத்துக்கு எழுதிய வாழ்த்துரையே ஆகும்.