கண்ணாமூச்சி ஆடும் பிரேக் லைட்: உயிரோடு விளையாடாதீர்கள்!

முன்னால் போகும் கார் பிரேக் போடுகிறது. பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் தப்பித்தார். எரியாவிட்டால்? 'டமார்!'

40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர், ஒரே வினாடியில் 11 மீட்டர் பாய்ந்துவிடும். அது கிட்டத்தட்ட மூன்று சின்னக் கார்களின் நீளம். கார் நிற்கப்போகிறது என்று ஒரு வினாடி தாமதமாகத் தெரிந்தால் போச்சு. ஸ்கூட்டர்காரர் வீட்டுக்குப் போகிறாரா, ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா என்பது அந்த மூன்று கார் நீளத்தில் முடிவாகிவிடுகிறது.

அடியோடு எரியாத விளக்கைக்கூட மன்னிக்கலாம். யாராவது தட்டிச் சொல்வார்கள். கார்க்காரர் பல்பை மாற்றிவிடுவார். சில நேரம் எரிந்து, சில நேரம் எரியாமல் கண்ணாமூச்சி ஆடுகிறதே, அதுதான் பொல்லாதது. வீட்டு வாசலில் பார்த்தால் எரிகிறது. மெக்கானிக்கிடம் போனால், "நல்லாத்தானே எரியுது சார்" என்கிறார். கார்க்காரரும் நிம்மதியாகத் திரும்புகிறார். அடுத்த மழையில் பழைய குருடி, கதவைத் திறடி!

"வருது, போகுது" என்றால் கோளாறு இருக்கிறது. இன்றைக்கு அது அகப்படவில்லை, அவ்வளவுதான்.

குற்றவாளி யார்?

பழி எப்போதும் பல்ப் மீது விழுகிறது. பல சமயம் பல்ப் நிரபராதி. முதல் சந்தேகம் விழ வேண்டிய ஆசாமி, 'எர்த்'!

பாட்டரியில் இருந்து ஒயர் வழியாக பல்புக்குப் போகும் கரண்ட், காரின் இரும்பு பாடி வழியாகத் திரும்பி வர வேண்டும். ஒயர் முனையைப் பாடியோடு சேர்க்கும் திருகாணி துருப்பிடித்தால் அந்த வழி அடைபடும். கரண்ட் சும்மா இருக்குமா? பக்கத்து பல்ப் வழியாகக் குறுக்கு வழி தேடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

இரண்டாவது ஆசாமி, பல்ப் ஹோல்டர். பல கார்களில் பிரேக்குக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே பல்ப்தான். உள்ளே இரண்டு இழை. பிரேக்குக்கு 21 வாட். ராத்திரி விளக்குக்கு 5 வாட். சூட்டில் ஹோல்டர் இளகினாலோ, களிம்பு பிடித்தாலோ, பள்ளத்தில் கார் குதிக்கும்போது தொடர்பு விட்டுப் போகும். விளக்கைக் கையால் தட்டினால் எரிகிறதா? ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது ஆசாமி, பிரேக் பெடலுக்கு மேலே ஒளிந்திருக்கும் சுவிட்ச். இடது, வலது, நடு என்று எல்லா பிரேக் லைட்டும் ஒரே சமயத்தில் போனால் பல்பைக் கழற்றாதீர்கள். மூன்று பல்பும் பேசி வைத்துக்கொண்டு சாகாது! ஃபியூசையும் சுவிட்சையும் பாருங்கள். அழுத்தி மிதித்தால்தான் எரிகிறது என்றால் சுவிட்ச் மீது சந்தேகம் பலமாகிறது.

டிக்கிக் கதவில் விளக்கு இருக்கும் கார்களில் இன்னொரு சங்கதி. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் மடங்கி, ரப்பருக்கு உள்ளேயே அறுந்துவிடும். டிக்கியைத் தூக்கினால் எரியும், மூடினால் அணையும்.

'டிக் டிக்' சொல்லும் ரகசியம்

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டும். வழக்கத்தைவிட அவசரமாக 'டிக்டிக்டிக்' என்று அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்ப் எரியவில்லை என்று அர்த்தம். பழைய காரில் சாதா பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்ப் மாட்டினாலும் இப்படி அடிக்கும். அது குறைவான கரண்ட் எடுப்பதால், பல்ப் போய்விட்டதாக ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது.

இண்டிகேட்டர் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டால் எரிகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ஸ்டீயரிங் அடியில் உள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கிறது.

சென்னைக்குத் தனி வியாதி

கடல் காற்றின் உப்பு, மழைத்தண்ணீர் இரண்டும் நம் ஊர் கார்களுக்கு எமன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. கழுவி, காய வைத்து, ஓட்டினார்கள். ஆனால் ஒயர் இணைப்புக்குள் புகுந்த தண்ணீர் சும்மா போகாது. களிம்பு மெல்ல மெல்ல வளர்ந்து, பல மாதம் கழித்து வேலையைக் காட்டும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் பின் விளக்கை உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குள் நீர் முத்து தெரிந்தால் உஷார்!

5 நிமிடச் சோதனை

ராத்திரியில் காரின் பின்பக்கத்தைச் சுவருக்கோ, மூடிய கடை ஷட்டருக்கோ காட்டி நிறுத்துங்கள். பிரேக்கை மிதியுங்கள். சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுவது கண்ணாடியில் தெரியும். பிறகு டெயில் லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே இடது, வலது இண்டிகேட்டர்களைப் போடுங்கள். தனித்தனியாக ஒழுங்காக எரிகிற விளக்கு, எல்லாம் சேர்ந்து எரியும்போதுதான் குட்டு வெளிப்படும். வீட்டில் யாரையாவது விட்டு விளக்கைத் தட்டச் சொல்லுங்கள். டிக்கியையும் ஆட்டச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம், "பல்பை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். எப்போது எரியவில்லை என்று சொல்லுங்கள். மழையிலா, பள்ளத்திலா, வண்டி சூடான பிறகா? பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். எர்த் திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் போட்டாலே பல கார்கள் குணமாகிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றி மாட்டுவது! ஃபியூஸ் காப்பாற்ற வேண்டிய ஒயர், நெருப்புப் பிடித்துக்கொள்ளும்.

சட்டம் தூங்கலாமா?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு, ஆபத்தான கோளாறோடு வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. "எனக்குத் தெரியாதே" என்று தப்ப முடியாது. சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறும் குற்றம்தான். 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய். கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் விளக்கைப் பார்ப்பது யார்? லாரிக்கும் டாக்சிக்கும் எப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம் அதுவும் கிடையாது. போலீசார் ஹெல்மெட்டைப் பார்க்கிறார்கள். நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார்கள். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி வரிசையாக நிற்கும் கார்களின் பின்பக்கத்தையும் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்யட்டும். முதல் தடவை அபராதம் வேண்டாம். ஒரு சீட்டு எழுதி, சரி செய்யத் தவணை கொடுக்கட்டும். மறுபடியும் சிக்கினால் தாராளமாகத் தீட்டட்டும்!

பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரே, சிக்னலில் பக்கத்தில் வந்து, "சார், பிரேக் லைட் எரியலை" என்று சொல்லுங்கள். கார்க்காரரே, "உன் வேலையைப் பார்த்துட்டுப் போ" என்று முறைக்காதீர்கள். நன்றி சொல்லுங்கள்.

பிரேக் லைட் கார் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாத விளக்கு. அது எரிவது, முன்பின் தெரியாத இன்னொருவர் வீட்டில் விளக்கு எரிவதற்காக!